சிறிய விமானத்தில் கையடக்க ஜி.பி.எஸ். பொருத்துவது எப்படி?

செஸ்னா 152, 172 போன்ற சிறிய விமானங்களில் பறக்கப் பழகுபவர்கள் பலர் ஜி.பி.எஸ். கருவியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே மாட்டுவது, எதிலிருந்து மின்சாரம் எடுப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பணமும் நாட்களும் வீணாவது இந்த வரிசையால்தான். இந்தக் கட்டுரையில் கருவி வாங்குவது மூன்றாவது படி.

எனக்கு இந்த வேலை முடிய ஒரு கோடை முழுவதும் பிடித்தது. கருவியைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டை விற்றவர் ஒன்று சொன்னார், உடன் பறந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள், விமானப் பராமரிப்புப் பொறியாளர் இரண்டையும் மறுத்தார். பொறியாளர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

சென்னையைச் சுற்றிப் பறப்பவருக்கு இந்தக் கருவி ஆடம்பரம் அல்ல. மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்கள், பக்கத்திலேயே தாம்பரத்தில் விமானப்படைத் தளம், மேற்கே அரக்கோணத்தில் கடற்படைத் தளம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. எந்த வான்பகுதியின் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரிவது பெரிய நிம்மதி. ஆனால் பொருத்தும் விதம் தவறினால் அதே கருவி விமானத்தைத் திருப்பும் கைப்பிடியைத் தடுக்கும், காம்பஸைத் திருப்பும், ரேடியோவில் இரைச்சல் கிளப்பும்.

1. அனுமதி

பறக்கும்போது கையடக்க மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவதை 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 29பி விதி கட்டுப்படுத்துகிறது. விமானத்தை இயக்கும் நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளி விமானம் என்றால் தலைமைப் பயிற்றுநரும் பராமரிப்புப் பொறியாளரும் சம்மதிக்க வேண்டும். சொந்த விமானம் என்றாலும் பொறியாளரை விட்டுவிடாதீர்கள்.

வாய்மொழிச் சம்மதம் போதாது. பயிற்றுநர் மாறினால் அந்தச் சம்மதமும் அவரோடு போய்விடும். ஒரே பக்கத்தில் கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: விமானத்தின் பதிவெண், கருவியின் மாடலும் எடையும், மவுண்ட் எந்த வகை, காக்பிட்டில் எந்த இடம், மின்சாரம் எங்கிருந்து, யார் பொருத்துவார், யார் கழற்றுவார். கடிதத்துடன் பென்சில் வரைபடம் ஒன்றை இணையுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும் முன் அதற்கும் அனுமதி கேளுங்கள். அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ படம் எடுக்க அனுமதி வேண்டும் என்கிறது அதே விதிகளின் 13-ஆம் விதி. ஜி.பி.எஸ்.ஸுக்கு வாங்கிய மவுண்டில் வீடியோ கேமராவை மாட்டி ஓட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொறியாளரிடம் பேசும்போது ஒரு கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கையால் மாட்டி, கையால் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு போக முடிகிற பொருள் ஒரு பக்கம். பேனலில் துளையிடுவது, திருகு அடிப்பது, விமானத்தின் மின்கம்பியில் நேரடியாக இணைப்பது, வெளியே ஆன்டெனா வைப்பது எல்லாம் மறுபக்கம். மறுபக்கம் போய்விட்டால் அது விமானத்தின் வடிவமைப்பில் செய்யும் மாற்றம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்.-21 விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்ப ஆவணம் வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் வேலையைச் சரிபார்த்துச் சான்று எழுத வேண்டும். வாடகைக்குப் பறப்பவருக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். “சின்ன திருகுதானே” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

2. இடத்தை அட்டையில் சோதியுங்கள்

செலவே இல்லாத படி இது. தவிர்ப்பவர்களும் இதைத்தான் தவிர்க்கிறார்கள்.

வாங்க நினைக்கும் கருவியின் நீள அகலத்தைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து எடுத்து, அதே அளவில் தடித்த அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கனத்துக்காகப் பின்னால் ஒரு சிறிய மணல் பொட்டலம் ஒட்டலாம். விமானம் நிற்கும்போது, அனுமதியுடன், நீங்கள் பறக்கும் அதே நிலையில் இருக்கையைத் தள்ளி, தோள் பட்டியையும் (ஷோல்டர் பெல்ட்) மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பிறகு அட்டையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள்.

கைப்பிடியில், அதாவது யோக்கில்: கண்ணுக்கு மிக அருகில் இருக்கும், கை நீட்ட வேண்டாம், பெரும்பாலானவர்கள் விரும்பும் இடம். ஆபத்தும் இங்கேதான் அதிகம். யோக்கை முழுவதுமாகப் பின்னால் இழுங்கள். வயிற்றிலோ தொடையிலோ இடிக்கிறதா? இழுத்த நிலையிலேயே முழு இடது, முழு வலது திருப்புங்கள். முழங்காலில் படுகிறதா? இருக்கையை ஒரு பல் முன்னால் நகர்த்தி மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த வாரம் வேறு விமானத்தில் இருக்கை வேறு இடத்தில் நிற்கும். குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போது தேவைப்படும் அந்தக் கடைசி அங்குலம் கிடைக்காவிட்டால் மற்ற எந்த வசதியும் கணக்கில் வராது. செஸ்னா 152-இல் இடம் மிகக் குறைவு. பெரிய திரைக் கருவியை அதன் யோக்கில் மாட்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

முன்கண்ணாடியில்: பார்வையை மறைக்கும். எந்த மூலையில் வைத்தாலும் ஏதோ ஒரு திசையிலிருந்து வரும் விமானம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். காம்பஸும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இடப்பக்க ஜன்னலில்: 172-க்கு எனக்குப் பிடித்த இடம். திறந்து மூடும் ஜன்னல் என்றால் அசையும் பகுதியில் ஒட்டக் கூடாது. கதவைத் திறந்து வெளியேறும் வழியில் மவுண்டின் கை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தலை முன்னால் சாயும் பாதையிலும் இருக்கக் கூடாது.

தொடைப் பலகையில்: எதிலும் ஒட்ட வேண்டாம் என்பதால் அனுமதி எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும். மேகமூட்டத்தில் குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றும்.

3. கருவி வாங்குவது

விமானத்துக்கென்றே வரும் கையடக்கக் கருவிகளில் கார்மின் நிறுவனத்தின் ஏரா வரிசைதான் அதிகம் புழங்குகிறது. ஏரா 660, 2016-இல் 849 டாலருக்கும், பெரிய திரையுள்ள ஏரா 760, 2020-இல் 1,599 டாலருக்கும் அறிமுகமாயின. இங்கே வந்து சேரும்போது அதற்கு மேல் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேரும். பழைய கருவி வாங்கினால் முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பேட்டரி மாற்றக் கிடைக்கிறதா, அந்த மாடலுக்குத் தரவுத்தளப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா. இரண்டாவதற்கு “இல்லை” என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஐபேட் வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். வை-ஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது, செல்லுலார் வகையில்தான் இருக்கிறது. ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரைதான். மே மாதச் சென்னையில் அது நிழலுக்கே போதாது. திடீரென்று திரை அணைந்து வெப்ப எச்சரிக்கை காட்டும்.

சுங்கத்தில் கவனம். கூரியரில் வரவழைத்தால் மீனம்பாக்கம் சரக்கு வளாகத்தில் ரசீது, அடையாளச் சான்று, சில நேரம் கருவியின் விவரக்குறிப்பு கேட்பார்கள். புளூடூத், வை-ஃபை உள்ள கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் வகை ஒப்புதல் பற்றியும் கேட்கக்கூடும். ஆர்டர் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தால் அசல் ரசீது அவர் கையில் இருக்கட்டும். கருவியும் உபரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி ஒன்று. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள், கார்மினின் இன்ரீச் போன்றவை, உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். ஜி.பி.எஸ். சிக்னலை வாங்க மட்டும் செய்யும், இன்ரீச் சிக்னலை அனுப்பும். இரண்டையும் சேர்த்து ஒரே பொதியாகச் சில வெளிநாட்டுக் கடைகளில் சலுகை விலையில் விற்கிறார்கள். இந்திய விமான நிலையங்களில் இதனால் பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. சலுகை வேண்டாம், தனிக் கருவியை மட்டும் வாங்குங்கள்.

4. மவுண்ட்

ராம் என்ற நிறுவனத்தின் அசல் மவுண்ட் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கும் மவுண்ட் கிடைக்கிறது. கார் மவுண்ட் பிளாஸ்டிக் கழுத்து என்ஜின் அதிர்வில் மெல்ல மெல்லத் தொங்கிவிடும். பந்து வடிவ மூட்டும் இறுக்கும் திருகும் உள்ள உலோகக் கையைத்தான் வாங்க வேண்டும். யோக் வகை என்றால் உங்கள் விமானத்தின் யோக் தண்டு விட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

காந்த மவுண்ட் வேண்டாம். கைப்பேசிக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும், காம்பஸ் இருக்கும் காக்பிட்டுக்குள் காந்தத்தை எடுத்துச் செல்லவே கூடாது. டேப்லெட் உறைகளின் மடிப்பிலும் காந்தம் ஒளிந்திருக்கும்.

ஜன்னல் மவுண்டின் ரப்பர் உறிஞ்சுகிண்ணத்தை, அதாவது சக்ஷன் கப்பை, ஒட்டும் முன் கண்ணாடியைத் துடைப்பது பற்றி: சிறிய விமானங்களின் ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். ஸ்பிரிட், அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் துடைப்பான், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. மயிரிழை போன்ற வெடிப்புகள் பரவிவிடும், சரி செய்ய முடியாது, மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். மென்மையான சோப்புக் கரைசல், நிறையத் தண்ணீர், சுத்தமான பருத்தித் துணி போதும். நம் கடற்கரைக் காற்றில் உப்புப் படலம் படிந்திருக்கும், அதை முதலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

சக்ஷன் கப்பைப் பிடித்து வைத்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். 8,000 அடியில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. தரையில் இறுக்கமாக நின்ற கப் மேலே போய் விழுவது இதனால்தான். எனவே ஒரு சிறிய நைலான் கயிற்றால் கருவியை வேறொரு உறுதியான இடத்தில் கட்டி வையுங்கள். விழுந்தாலும் மிதிகட்டை வரை போகாத நீளமே இருக்க வேண்டும். ரப்பரின் விளிம்பு வெயிலில் இறுகினால் கப்பை மாற்றிவிடுங்கள்.

5. மின்சாரம்

கருவி எரிந்துபோனால் பெரும்பாலும் இங்கேதான் எரிகிறது. காரில் 12 வோல்ட். எல்லா விமானங்களிலும் அப்படி இல்லை. செஸ்னா 150-உம் 1978-க்கு முந்தைய 172-உம் 14 வோல்ட். செஸ்னா 152-உம் 1978 முதல் வந்த 172-உம் 28 வோல்ட். சாக்கெட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், “12 வோல்ட்” என்று மட்டும் எழுதிய கார் சார்ஜர் கச்சிதமாக உள்ளே போகும், 28 வோல்ட்டில் உருகிவிடும். புதிய 172 பலவற்றில் 12 வோல்ட்டுக்கு மாற்றித் தரும் தனி சாக்கெட் இருக்கிறது. அந்த விமானத்தின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் சொருகக் கூடாது.

விமானத்துக்கான கார்மின் அடாப்டர் விலை அதிகம் என்றாலும் அதுவே சிறந்தது. ரிச்சி தெருவில் வாங்குவதானால் உள்ளீடு “12–24 வோல்ட்” என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, 30 வோல்ட்டுக்கு மேல் தாங்குமா என்று அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்துப் பாருங்கள். அச்சே இல்லாத சார்ஜரைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

கம்பியை த்ராட்டில், எரிபொருள் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் குமிழ், ட்ரிம் சக்கரம், ஃப்ளாப் சுவிட்ச், எரிபொருள் வால்வு இவற்றுக்கு அருகே போகவிடாதீர்கள். தேவைக்கு மேல் நீளம் இருந்தால் சுருட்டி வெல்க்ரோவால் கட்டுங்கள். என்ஜினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் அடாப்டர் சொருகியிருக்க வேண்டாம். புகை வாடை வந்தால் முதலில் பிடுங்க வேண்டியது அதைத்தான், எனவே கண்ணை மூடிக்கொண்டே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

6. காம்பஸும் ரேடியோவும்

இந்தச் சோதனைக்கு என்ஜின் ஓட வேண்டும், ஓடினால் மணிக்கணக்கில் பணம். தனியாக நேரம் வாங்காமல், வழக்கமான பயிற்சி முடிந்து நிறுத்துமிடத்துக்குத் திரும்பியபின் பயிற்றுநரிடம் சில நிமிடங்கள் கேட்டு அதில் முடித்துவிடுங்கள்.

காம்பஸ்: விமானத்தை நகர்த்தாமல், கருவி இல்லாமல் காம்பஸைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை மாட்டுங்கள், அணைத்த நிலையில் படியுங்கள். ஆன் செய்து படியுங்கள். சார்ஜரைச் சொருகிப் படியுங்கள். எந்தக் கட்டத்தில் முள் அசைந்தாலும் இடத்தை மாற்றுங்கள், கம்பியையும் காம்பஸிலிருந்து தள்ளி வையுங்கள். விமானத்தை வேறு திசைகளில் திருப்பி நிறுத்தியும் பார்க்க வேண்டும், ஒரு திசையில் தெரியாத விலகல் இன்னொரு திசையில் தெரியும். “இரண்டு மூன்று டிகிரிதானே, மனக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம்” என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவி அணைந்துபோகிற நாளில் காம்பஸ்தான் மிச்சம்.

ரேடியோ: வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சார்ஜரைச் சொருகியதும் இரைச்சல் கூடினால் அந்தச் சார்ஜர் உதவாது. மலிவான யு.எஸ்.பி. சார்ஜர்களில் பெரும்பாலானவை இங்கே தோற்றுவிடும்.

எதிர்த்திசையிலும் சோதிக்க வேண்டும், இதைப் பலர் அறிவதில்லை. ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 121.175 மெகாஹெர்ட்ஸை 13-ஆல் பெருக்கினாலும், 131.275-ஐ 12-ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதே எண். விமான ரேடியோவில் பேசும்போது அதன் மடங்கு அலைகள் ஜி.பி.எஸ்.ஸை மூழ்கடிக்க முடியும். 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகியவை சந்தேகத்துக்குரியவை. இந்த அலைவரிசைகளில் சோதனைக்காகப் பொத்தானை அழுத்தும் முன் கட்டுப்பாட்டு அறையும் பொறியாளரும் சரி என்று சொல்ல வேண்டும். பேசும்போது திரையில் செயற்கைக்கோள் சிக்னல் பட்டைகள் சரிந்தால், ரேடியோ ஆன்டெனாவிலிருந்து கருவியை இன்னும் விலக்கி வையுங்கள்.

7. அமைப்புகளும் தரவுத்தளமும்

மெனுவில் வாஸ் அல்லது எஸ்.பி.ஏ.எஸ். என்று இருப்பதை, அதாவது செயற்கைக்கோள் வழியே ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தும் வசதியை, ஆன் செய்யுங்கள். இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் நடத்தும் ககன் அமைப்பின் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வரும். ககன் 2013 டிசம்பரில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழிப்பறத்தலுக்குச் சான்று பெற்றது, 2015-இல் தரையிறங்க நெருங்கும்போது உயரம் காட்டும் செங்குத்து வழிகாட்டலுக்கும். உங்கள் கையடக்கக் கருவியில் வரும் துல்லியம் அதனால் கூடும் என்பதைத் தவிர, கருவி மூலம் தரையிறங்கும் உரிமை எதையும் அது தந்துவிடாது. கண்பார்வையில் பறக்கும்போது துணைக்குத்தான் இது.

மாலை மங்கியபின் சிக்னல் தடுமாறினால் பதறாதீர்கள். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்வதால், சூரியன் மறைந்த பிறகு வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தின் கொந்தளிப்பு நம் பகுதியில் அதிகம். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இன்னும் அதிகம்.

வான்வழித் தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் மாறும். ஒரு முறைப் புதுப்பிப்பும் உண்டு, ஆண்டுச் சந்தாவும் உண்டு. எப்போதாவது பறப்பவருக்குச் சந்தா நஷ்டம், நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை வாங்கினால் போதும். வாங்கும்போது இந்தியா எந்தப் பிராந்தியத் தொகுப்பில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், அமெரிக்கத் தொகுப்போடு வரும் கருவியில் சென்னையே இருக்காது. திரையில் தெரியும் எல்லைகளை விமான நிலைய ஆணையம் இணையத்தில் இலவசமாகத் தரும் அதிகாரப்பூர்வ வான்வழித் தகவல் தொகுப்பான ஏ.ஐ.பி.யோடு ஒப்பிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மூடப்படும் வான்பகுதி விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமில்தான் வரும், இந்தத் தரவுத்தளத்தில் வராது.

8. முதல் பறத்தல்

பயிற்றுநருடன், நல்ல வெளிச்சத்தில், நன்கு தெரிந்த பாதையில். ஓடுபாதைக்குப் போகும் முன் கைப்பிடிகளின் முழு அசைவையும் கருவி மாட்டிய நிலையில் மறுபடி சரிபாருங்கள். பாதையைத் தரையிலேயே உள்ளிட்டுவிடுங்கள், மேலே போய்த் தட்டச்சு செய்வது வேண்டாம். போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டால் சில திரைகள் முழுக் கறுப்பாகிவிடும். அதை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

9. வெயில்

அக்னி நட்சத்திரத்தில் நிறுத்திவைத்த விமானத்துக்குள் கருவியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரி உப்பிப்போகும். கொதிக்கும் கருவியை உடனே சார்ஜில் போடுவதும் தவறு, ஆறிய பிறகே சொருக வேண்டும். பறக்கும்போது காற்றுத் துவாரம் ஒன்றைக் கருவியின் முதுகுப் பக்கம் திருப்பிவிட்டால் நன்றாகத் தாங்கும்.

இறங்கும்போது கருவியோடு மவுண்ட், கயிறு, அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணிப் பார்த்து எடுங்கள், ஒரு திருகு குறைந்தால் பொறியாளரிடம் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அது கிடைக்கும்வரை அந்த விமானம் அடுத்த மாணவரோடு பறக்காது.